பஞ்சாயுதமும் சேர்த்து

மண்டூர்க் கரையில் பாதைக்கு நிற்போம்.
பாதையென்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை,
மிதவைமேல் பலகை பாவி
மோட்டார் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் கிளினிக் கொப்பியும்
ஒன்றாய் ஏறி வாவி கடக்கிறது.
அக்கரை குருமண்வெளி. அதற்கங்கால் பஸ்.
அதற்கங்கால் களுவாஞ்சிக்குடி, ஒரு நம்பர், ஒரு வாங்கு.

டிலக்சிகாவுக்கு ஏழு மாதம்.
ஐந்து கிலோ நானூறு.
போன மாதமும் ஐந்து கிலோ நானூறு.

அட்டையில் பச்சைக்குக் கீழே செம்மஞ்சள்.
குமுதினி மிஸ்ஸி வைத்த முதல் புள்ளி பச்சைக்குள்தான் இருந்தது.
மறுகா கோடு படுத்துவிட்டது,
காற்றில்லாத நாளில் வாவி படுத்த மாதிரி.

உண்மையைச் சொன்னால்
தூக்குத் தராசில் போடும்போது
சட்டையைக் கழற்றினேன், காப்பைக் கழற்றினேன்,
கழுத்துப் பஞ்சாயுதத்தை மட்டும் மறந்தவள்போல விட்டேன்.
அதுக்கும் நாலு கிராமாவது இருக்காதா.
வெல்லாவெளியில் வெட்டு மெசின் ஓட்டுகிற என்ட மனிசன் சொல்லுவார்,
ஈரமென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பானாம் நெல்லு முதலாளி.
கூட்டித் தருகிறவன் எந்தத் தராசிலும் இல்லை.

"பால் காணாதோ புள்ள?"
பாதையில் ஏறின மீன்காரி கேட்டாள்.
"பால் தண்ணியாப் போயிரிக்கும்" என்றா மாமி.
"கண்ணூறு கா" என்றா மாமியின் தங்கச்சி.
திரிபோஷ கரைத்துக் கொடுத்தேன்.
சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் நான் தின்றேன்.
எனக்குத்தான் கனம் கூடியது.

சலம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள்,
நரம்பு பிடிபடவில்லையென்று இரண்டு கையிலும் குத்தி.
எல்லாம் நோர்மல்.
நோர்மல் என்ற சொல்லுக்கு
ஒரு தாய் அழுவாளென்று எனக்கு முன்னம் தெரியாது.

மட்டக்களப்புக்கு எழுதித் தந்தார்கள்.
பெரியாஸ்பத்திரி, பதினேழாம் அறை, டொக்டர் ருஸ்னா.
என்னைவிட இளைய முகம்.
காலைச் சாப்பாட்டுப் பொதி அவிழாமல் மேசையில் கிடந்தது.
என்ன குடுக்கிறீங்க என்று கேட்கவில்லை.
எத்தனை தரம் என்று கேட்கவில்லை.
"பால் குடிக்கக்குள்ள புள்ளைக்கு நெத்தி வேர்க்குமா?"

வேர்க்கும்.
ஃபேனுக்குக் கீழேயும் வேர்க்கும், மாரி மழையிலும் வேர்த்தது.
நாலு வாய் குடித்து, விட்டு, மூச்சு வாங்கி,
மறுபடி நாலு வாய்.
கைப்பிள்ளையென்றால் அப்படித்தானென்று நினைத்தேன்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
ஏழு மாதமாய் பதில் என் சீலைத் தலைப்பில்
ஈரமாய் இருந்திருக்கிறது.

குழாயை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டா.
நெடுநேரம் திறக்கவில்லை.
பிறகு இருட்டறை. குளிர்ந்த களி. திரையில் சிவப்பும் நீலமும்
ஒன்றுக்குள் ஒன்று பீறிட்டது.
"நடுச்சுவரில ஒரு ஓட்டை இரிக்கி.
படுத்துக் கிடந்தே ஓடுறா உங்கட மகள்.
குடிக்கிறதெல்லாம் அந்த ஓட்டத்துக்கே சரி."

எனக்கு இரண்டுதரம் நெஞ்சு அடைத்தது.
ஓட்டை என்றதற்கு ஒருதரம்,
பாலில் பிழையில்லை என்றதற்கு ஒருதரம்.
இரண்டாவதில் வந்த சந்தோசத்துக்கு
இன்னும் வெட்கமாயிருக்கிறது.

காலையும் மாலையும் துளி மருந்து.
கொழும்புக்கு எழுதியாகிவிட்டது, திகதி வந்தால் போன் வரும்.
வாவி நடுவில் சிக்னல் இல்லை,
அந்தப் பத்து நிமிடமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவாம்?" என்றாள் மீன்காரி.
"வேர்க்குதாம்" என்றேன்.
சிரித்தாள். "இந்த வெயிலுக்கு ஆருக்குத்தான் வேர்க்கா?"
நானும் கொஞ்சம் சிரித்தேன். மகள் மடியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிளினிக்கில்
குமுதினி மிஸ்ஸி தராசைக் கொளுவினா.
நான் பஞ்சாயுதத்தின் முடிச்சை அவிழ்த்தேன்.
பல்லாலும் இழுக்கவேண்டியிருந்தது, இறுகிப் போயிருந்தது.
"அது கிடக்கட்டும் புள்ள, பெரிய கனமில்லையே."
"இல்ல மிஸ்ஸி" என்றேன்,
"புள்ளைய மட்டும் நிறுங்க."

முள் ஆடியது.
நிற்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.